பாராசிட்டமாலுக்கு இலவசச் சீட்டு வேண்டுமா? இங்கிலாந்து விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாராசிட்டமால், பேன் மருந்து, பொடுகு ஷாம்பு, மகரந்த ஒவ்வாமை மாத்திரை, மலச்சிக்கலுக்கான பொடி என்று மருந்தகத்தில் யாரும் கேட்டு வாங்கக்கூடிய அன்றாடப் பொருள்களை, பொது மருத்துவத் துறையான தேசிய சுகாதார சேவை மருந்துச் சீட்டின் பேரில் இலவசமாகக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக ஓயாமல் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. வரி கட்டுகிற மக்களுக்கு நோய் பெரிதென்றும் சிறிதென்றும் பார்த்தா மருந்து கொடுப்பது என்று மறுதரப்பு கேட்கிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அடுத்தடுத்த வாதங்களில் சில தவறான கணக்குகள் நுழைந்துவிடுகின்றன. அங்கே வாழும் தமிழர்களுக்கு இவை வெறும் கருத்துப் பிழைகள் அல்ல. கைப்பணத்தையும் சில சமயம் உடல்நலத்தையும் தொடுகிற பிழைகள் என்பதால் அவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

பிரிட்டன் முழுவதும் ஒரே விதி என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. சீட்டு மருந்துக்கான கட்டணத்தை வேல்ஸ் 2007-லும், வட அயர்லாந்து 2010-லும், ஸ்காட்லாந்து 2011-லும் அடியோடு நீக்கிவிட்டன. இங்கிலாந்தில் மட்டும் அது நீடிக்கிறது. 2024 மே மாதம் முதல் கட்டணம் 9.90 பவுண்டு. இது சீட்டுக்கு அல்ல, சீட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு மருந்துக்கும் என்பதைப் புதிதாக வந்தவர்கள் மருந்தகத்தில் மூன்று மருந்துக்கு 29.70 பவுண்டு கேட்கப்படும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். விசாவுடன் சேர்த்துக் குடியேற்ற சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு (மாணவர்களுக்கு 776) செலுத்தியாயிற்றே, மருந்தும் அதில் அடக்கம்தானே என்று கேட்பவர்கள் பலர். அடக்கம் இல்லை. மருத்துவரைப் பார்ப்பதற்கும் மருத்துவமனைச் சிகிச்சைக்கும் அது வழிசெய்கிறது. சீட்டுக் கட்டணத்தை இங்கிலாந்தில் வசிக்கும் மற்றவர்களைப் போலவே அவர்களும் தனியாகக் கட்ட வேண்டும்.

தேசிய சுகாதார சேவை தொடங்கிய நாளிலிருந்து எல்லாம் இலவசமாக இருந்தது, பிற்காலத்தார்தான் கெடுத்தார்கள் என்று உருக்கமாகச் சொல்வதும் முழு உண்மை அன்று. 1948-இல் அந்தச் சேவை இலவசமாகத்தான் தொடங்கியது. ஆனால் 1952-லேயே சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வசூலிக்கத் தொடங்கினார்கள், 1965-இல் நீக்கினார்கள், 1968-இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கும் அந்தச் சேவைக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

இனி நடப்புக்கு வருவோம். கடையில் வாங்கக்கூடிய மருந்துகளைச் சிறு நோய்களுக்கு வழக்கமாக எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று 2018 மார்ச்சில் இங்கிலாந்துச் சுகாதார நிர்வாகம் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. சளி, வாய்ப்புண், பேன், பொடுகு, குழந்தைகளின் பல் முளைக்கும் வலி, கால்விரல் இடுக்குப் பூஞ்சை, மரு என்று 35 நோய்நிலைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, வைட்டமின்கள் தனி. 2017 ஜூன் வரையிலான ஓராண்டில் இத்தகைய மருந்துகளுக்கு ஏறத்தாழ 569 மில்லியன் பவுண்டு செலவானது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு, இவ்வளவும் மிச்சம் என்று வாதிடுவதுதான் நான் அடிக்கடி காணும் அடுத்த தவறு. அந்தத் தொகைக்குள் நாள்பட்ட மூட்டுவலிக்காரர் அன்றாடம் விழுங்கும் மாத்திரையும் இருக்கிறது, அதை நிறுத்தச் சொல்லி வழிகாட்டுதலே கூறவில்லை. மீதமுள்ளதில் ஒரு பங்கை நிறுத்தினாலும், அரசின் கணக்கிலிருந்து அந்தச் செலவு மறைகிறதே தவிர, பேனும் காய்ச்சலும் மறைவதில்லை. செலவு குடும்பத்தின் கைக்கு மாறுகிறது. யாருடைய கைக்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காய்ச்சலோடு ஒருவர் சீட்டை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டணம் செலுத்துபவராக இருந்தால், மனசாட்சியுள்ள எந்த மருந்தாளுநரும் குரலைத் தாழ்த்தி, "இதைச் சீட்டில் எடுத்தால் 9.90 ஆகும், அந்த அலமாரியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பவுண்டுகூட ஆகாது" என்றுதான் சொல்வார். அதாவது, மலிவான அன்றாட மருந்தைச் சீட்டில் வாங்குவதால் கட்டணம் செலுத்தும் நோயாளிக்கு லாபம் இல்லை. லாபம் இருந்ததெல்லாம் பெரும்பாலும் கட்டண விலக்கு பெற்றவர்களுக்கே: 16 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 60 வயது நிறைந்தவர்கள், மிகக் குறைந்த வருமானத்தில் உதவித்தொகை பெறுபவர்கள் போன்றோர். ஆகவே, எல்லோருக்கும் பொதுவான சிக்கனம் என்ற பெயரில் வந்த இந்தக் கட்டுப்பாட்டின் சுமை, ஏறக்குறைய முழுவதும் அவர்கள் மீதே விழுகிறது. கட்டண விலக்கு இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒருவருக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. சிக்கனத்தை ஆதரிப்பவர்கள் ஆதரிக்கட்டும்; ஆனால் வசதியுள்ளவர்கள் பாராசிட்டமாலை ஓசியில் வாங்குவதைத் தடுக்கிறோம் என்று மட்டும் சொல்லக்கூடாது. 60 வயதைக் கடந்த பணக்காரர், வசதியான வீட்டுக் குழந்தைகள், கர்ப்பிணிகள் போன்ற விலக்குள்ளவர்களை விட்டுவிட்டால், அப்படி வாங்க வசதியானவர்களுக்குக் காரணமே இருந்ததில்லை.

இலவசத்தை ஆதரிப்பவர்களின் கணக்கிலும் ஓட்டை உண்டு. மாத்திரை மலிவு, அதைக் கொடுப்பதில் அரசுக்கு என்ன குறைந்துவிடும் என்று அவர்கள் கேட்கிறார்கள். மாத்திரை மலிவுதான். அதற்கான சீட்டு மலிவன்று. பேனுக்கு மருந்து எழுதி வாங்குவதற்காக ஒரு தாய் காலை எட்டு மணிக்கு மருத்துவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் காத்துக்கிடக்கிறார்; மருத்துவரின் பத்து நிமிடம் அதற்குப் போகிறது; மருந்தகம் அந்த மருந்தைக் கையாள்வதற்குத் தனிக் கட்டணம் பெறுகிறது. அன்றைக்கு நெஞ்சுவலியோடு அழைத்தவருக்கு இடமில்லாமல் போயிருக்கலாம். இலவச மருந்து வேண்டும் என்பதையும் அதை மருத்துவர் கையெழுத்தின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது.

இவற்றையெல்லாம்விட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. கடையில் கிடைக்கிறது என்றால் யார் வேண்டுமானாலும் தேவையான அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதே அது. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிக அளவில் விழுங்கிக் கல்லீரல் கெட்டு இறப்பவர்களைக் காப்பதற்காக, 1998 முதல் சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்தகத்தில் 32 மாத்திரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மிக நல்ல விதி அது. ஆனால் முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டி, மருத்துவர் சொன்னபடி நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு விழுங்குகிறார் என்றால், 16 மாத்திரைப் பெட்டி இரண்டே நாளில் தீர்ந்துவிடும். 32 மாத்திரை நான்கு நாளுக்குத்தான் வரும். நடக்க முடியாததற்காக மருந்து சாப்பிடுகிறவர் அந்த மருந்தை வாங்குவதற்காக வாரம் இரண்டு முறை நடக்க வேண்டியதாகலாம். ஒரு மாத அளவைச் சேர்த்து எழுதிய சீட்டு அவருக்கு நல்ல வழி, அதை அவர் கேட்டுப் பெறலாம்.

யாருக்கு, எதற்காகச் சீட்டின்றி விற்கலாம் என்று மருந்தின் விற்பனை உரிமம் வைக்கும் வரையறையும் இப்படித்தான். பூஞ்சைத் தொற்றுக்கான குளோட்ரிமசோல் கடையில் கிடைக்கிறது, ஆனால் பிறப்புறுப்புத் தொற்றுக்கு அதைக் கர்ப்பிணிக்குச் சீட்டின்றி விற்க முடியாது. ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு கிடைக்கிறது, முகத்தில் பூசுவதற்கென்றால் விற்க மாட்டார்கள், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் மாட்டார்கள். கண் சிவந்த கைக்குழந்தைக்கான குளோராம்பெனிகால் சொட்டு மருந்தை, இரண்டு வயது நிறையாவிட்டால், மருந்தாளுநர் தானாக விற்பதில்லை. மருத்துவர் அலுவலகத்தில் "கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள், கடையில் "மருத்துவரிடம் போங்கள்" என்பார்கள், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்பாள். இந்த அலைச்சல் நேர வேண்டியதே இல்லை, ஏனென்றால் 2018 வழிகாட்டுதலே இவற்றுக்கெல்லாம் விலக்கு அளித்திருக்கிறது. நாள்பட்ட நோய்க்கான வலிநிவாரணம், உரிம வரையறைக்குள் வராத நோயாளி, வேறொரு சீட்டு மருந்தின் பக்கவிளைவு, அபாய அறிகுறிகள், தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாதவர் ஆகியோருக்கு வழக்கம்போல் எழுதிக்கொடுக்கலாம். வழிகாட்டுதலைத் தடையுத்தரவாக எடுத்துக்கொள்வது நோயாளியும் வரவேற்பறையும் சேர்ந்து செய்யும் தவறு. "இதை எனக்குக் கடையில் விற்க மறுத்துவிட்டார்கள், காரணம் இது" என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருடன் இதைச் சொல்வதற்காகவேனும் பிள்ளைகள் ஒரு முறை கூடப் போவது நல்லது.

அபாய அறிகுறி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வாய்ப்புண் அந்த 35-க்குள் ஒன்று. சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரத்துக்கு மேலும் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரோ பல் மருத்துவரோ கட்டாயம் பார்க்க வேண்டும். வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, பாக்கு வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமாவது உறுதியான செய்தி. சிறு நோய் என்று பட்டியல் சொல்லிவிட்டதே என்று களிம்பு மேல் களிம்பாகப் பூசிக்கொண்டிருப்பதற்கு யாருக்கும் உரிமை கொடுக்கப்படவில்லை.

விலக்குப் பட்டியல் நியாயமாகத்தான் இருக்கும், ஏழைகள் அதற்குள் வந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும் விவாதத்தைத் திசைதிருப்புகிறது. இங்கிலாந்தில் வழங்கப்படும் சீட்டு மருந்துகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது கட்டணமின்றியே போகின்றன என்பது உண்மை. ஆனால் நோய்களின் அடிப்படையிலான விலக்குப் பட்டியல் 1968-இல் எழுதப்பட்டது. 2009-இல் புற்றுநோய் சேர்க்கப்பட்டதைத் தவிரப் பெரிய மாற்றம் இல்லை. தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறவருக்கு அந்த மாத்திரை மட்டுமல்ல, எல்லா மருந்துமே இலவசம். மூச்சுக்குப் போராடும் ஆஸ்துமா நோயாளி பட்டியலில் இல்லை. இரண்டு இன்ஹேலருக்கு 19.80 பவுண்டு கட்டுகிறார். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் பெறுபவர்களிலும் கடந்த கணக்கு மாதத்தில் 435 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தவர், குழந்தைக்கான தொகையோ உடல்நலக் குறைவுக்கான தொகையோ இருந்தால் 935-க்கு மேல் சம்பாதித்தவர், விலக்கை இழக்கிறார். கூடுதலாக ஒரு ஷிப்ட் பார்த்த மாதத்தில் பழைய நினைவில் விலக்குக் கட்டத்தில் குறியிட்டுவிட்டால், கட்டணத்தோடு அதன் ஐந்து மடங்கு வரை, அதிகபட்சம் 100 பவுண்டு, அபராதமும் வந்து சேரும். மாதந்தோறும் மருந்து வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு 114.50 பவுண்டு கட்டி ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகக் கட்டாமலிருக்க உதவும் முன்பணச் சான்றிதழ் எடுத்துவிடுவதும், வருமானம் குறைவானவர்கள் கட்டண உதவி கேட்கும் எச்.சி.1 (HC1) படிவம் கொடுத்துப் பார்ப்பதும் உடனே செய்யக்கூடியவை.

இலவசமென்றால் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள் என்ற அச்சத்துக்கு வேல்ஸை உதாரணம் காட்டுவார்கள். 2007-க்குப் பிறகு அங்கே சீட்டு மருந்துகளின் எண்ணிக்கை உயர்ந்ததென்னவோ உண்மை. கட்டணம் இருந்த இங்கிலாந்திலும் அதே ஆண்டுகளில் உயர்ந்தது. முதியோர் பெருகுவதும் நாள்பட்ட நோய் பெருகுவதும் இரண்டு இடத்துக்கும் பொது. காரணத்தைக் கட்டணத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

என் கருத்தில், கேள்வியை "இலவசமா, இல்லையா" என்று வைப்பதே பிழை. எந்த வாசலில் கொடுப்பது என்று கேட்க வேண்டும். ஸ்காட்லாந்து 2020 ஜூலை முதல் நடத்தும் 'பார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில், அங்கே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்த எவரும் நேரே மருந்தகத்துக்குப் போய் மருந்தாளுநரிடம் நோயைச் சொல்லலாம். தேவையென்று அவர் கருதினால் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து மருந்தை இலவசமாகக் கொடுப்பார். மருத்துவரின் பத்து நிமிடமும் மிச்சம், கையில் காசில்லாத தாயும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 அன்று அதே பெயரில் தொடங்கிய திட்டத்தை இதுவென்று நினைத்து ஏமாறக்கூடாது. அது காதுவலி, தொண்டைவலி, பெண்களின் சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு நோய்களுக்கு மருத்துவரைப் பார்க்காமலே சிகிச்சை பெறுவதற்கான ஏற்பாடு; கட்டண விதி பழையதேதான், பேன் மருந்தும் பாராசிட்டமாலும் அதில் இலவசமாகக் கிடைக்காது. விலக்கு பெற்றவர்களுக்காவது ஸ்காட்லாந்து முறையை இங்கிலாந்து முழுவதும் கொண்டுவருவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சில பகுதிகளில் உள்ளூர் சுகாதார அமைப்புகள் சிறு நோய்த் திட்டம் என்ற பெயரில் விலக்குள்ளவர்களுக்கு இப்படி மருந்து கொடுத்து வந்திருக்கின்றன, சில இடங்களில் அது நின்றும் போயிருக்கிறது. மருந்தகங்கள் இதற்குப் பலகை வைத்து விளம்பரம் செய்வது அரிது. உங்கள் பகுதியில் அந்தத் திட்டம் நடக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் மருந்தாளுநரிடம் கேட்டுவிடுங்கள்.