பிரேக் பேட் வாங்கும்போது கிளிப்பையும் கேளுங்கள்

காருக்குப் புது பிரேக் பேட் வாங்கப் போனால் விலை கேட்கிறோம், எந்தக் கம்பெனி என்று கேட்கிறோம். பேடைத் தாங்கும் கிளிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. சில பெட்டிகளில் பேடோடு கிளிப்பும் சின்ன கிரீஸ் பொட்டலமும் இருக்கும். சிலவற்றில் பேட் மட்டும்தான். அதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. பல வண்டிகளுக்கு கிளிப் செட் தனியாகக் கிடைக்கும். ஆனால் பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும். வண்டியை ஜாக்கில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றிய பிறகு, மன்னார்குடியில் கிடைக்காத கிளிப்புக்காகத் தஞ்சாவூருக்கு யார் ஓடுவார்கள்? பழையதையே மாட்டி அனுப்பிவிடுவார்கள்.

பழையது வளையாமல், விறைப்புக் குறையாமல் இருந்தால் ஓடும்தான். ஆனால் நம் ஊர்ப் பக்கம் அப்படி இருப்பது அபூர்வம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் மேல் பேடை அழுத்துவது காலிப்பர். கிளிப் என்பது அந்தக் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் காடியில் உட்காரும் மெல்லிய தகடு. பேடின் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காதுகள் அதன் மேல்தான் நகர வேண்டும். தகடு பெரும்பாலும் எவர்சில்வர், துருப்பிடிக்காது. பிராக்கெட்டோ வார்ப்பிரும்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் சேற்றிலும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றிலும் ஓடுகிற வண்டியில் கிளிப்பைப் பிடுங்கிப் பாருங்கள், அடியில் பொருக்குப் பொருக்காகத் துரு இருக்கும். துரு உப்பிக்கொண்டு தகட்டை மேலே தள்ளும், பேட் இறுகிவிடும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடாகும், மைலேஜ் குறையும், பேட் சீக்கிரம் தேயும்.

அதனால் புது கிளிப் வாங்கித் துருவின் மேலேயே அமுக்குவதும் தவறுதான். வயர் பிரஷ், அரம், உப்புத்தாள் எது கிடைத்தாலும் சரி, காடியைச் சுத்தமாகத் தேய்த்த பிறகே கிளிப் போட வேண்டும். பேட் கையால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றுவதும், இறுகுகிறதே என்று பேடின் காதை ராவுவதும் வேலை முடிந்தது போலக் காட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கைடு பின், அதாவது காலிப்பர் நகர்வதற்கான கம்பி. கையில் கிடைத்த வீல் பேரிங் கிரீஸையே இதற்கும் தடவுகிறவர்கள் உண்டு. பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னைச் சிக்க வைக்கும். பிரேக்குக்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். மேல் பின்னும் கீழ் பின்னும் சில வண்டிகளில் வேறு வேறு, மாற்றிப் போடக் கூடாது. கழற்றிய பேடை உடனே தூக்கிப் போடாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள் பேட் தேய்ந்து வெளிப் பேட் தடியாக இருந்தால் பெரும்பாலும் பின் சிக்கியிருக்கிறது. ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

டிஸ்க் பிரேக் பைக்கிலும் பேட் பின், ஸ்பிரிங் என்று இதே கதைதான்.

எல்லாம் மாட்டிய பிறகு பெடல் கெட்டியாகும் வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். புது பேட் போடுவதற்காக, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். அதைச் சாலையில், அதுவும் அறுவடைக் காலத்தில் நெல் காய்கிற சாலையில், கண்டுபிடிக்க வேண்டாம்.