பழைய எம்எக்ஸ்-5 காருக்கு மினியின் சூப்பர்சார்ஜர்: கையைக் கடிக்காமல் பூட்டுவது எப்படி

2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில், ஆர்53 என்று ஆட்கள் சொல்லும் மாடலில், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் ஒன்று இருக்கும், அதாவது எஞ்சின் பெல்ட்டால் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அந்த மினிகள் இப்போது பிரிட்டனில் கார் உடைக்கும் யார்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதிலிருந்து கழற்றிய எம்45-ஐ, பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கென்றே விற்கும் முழு கிட்டின் விலையில் சின்னப் பங்குக்கு வாங்கிவிடலாம். இதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆசை வருகிறது, எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வேலையில் சூப்பர்சார்ஜர்தான் மலிவான சாமான். காசும் நேரமும் போவதெல்லாம் அதைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டிலும், பெட்ரோலைச் சரியான அளவில் கொடுக்கும் ஏற்பாட்டிலும், முப்பது வயதைத் தாண்டிய காரில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கோளாறுகளிலும்தான். கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூப்பர்சார்ஜருக்கும் பைப்புக்கும் போனால் கடைசியில் ட்யூனிங்குக்குக் காசு இருக்காது.

நான் சொல்வது 1989-ல் அறிமுகமான முதல் தலைமுறைக் கார், 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன். ஜப்பானிலிருந்து யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரோடு இறக்குமதியாகி வந்தவையும் இதே கார்தான். 1.8 வைத்திருப்பவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும், வழி அதேதான். இந்த எஞ்சினின் குடும்பத்தை மாஸ்டாவே 323 காரில் டர்போ வைத்து விற்றது, அதனால் உடம்பில் பலம் இருக்கிறது. ஆனால் அந்த டர்போ எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு, 7.9, நம்முடையது 9.4. இந்த 9.4-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

சூப்பர்சார்ஜர் தேடப் போவதற்கு முன்னால் காரின் பானெட்டைத் திறங்கள். 1991 வாக்கு வரை வந்த எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு குட்டையாக இருக்கும். முன்பக்கக் கிராங்க் புல்லியில் நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. குட்டை மூக்கில், போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால் புல்லியைப் பூட்டி நிறுத்தும் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்து புல்லி ஆட ஆரம்பித்துவிடும், அப்புறம் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) தானாகப் பின்னால் போகும். நாம் சூப்பர்சார்ஜரை ஓட்டப் போவதே அந்தப் புல்லியிலிருந்துதான் என்பதால், எஞ்சினை ஓடவிட்டு புல்லியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். சிறு தள்ளாட்டம் தெரிந்தாலும் அந்த எஞ்சினுக்கு இந்த வேலை வேண்டாம்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டருக்கும் இடையில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் விரியும், மாற்றிவிடுங்கள். இன்னொரு விஷயம், இக்னிஷன் டைமிங். இந்தக் காருக்குக் கம்பெனி சொன்னது 10 டிகிரி, ஆனால் கொஞ்சம் துடிப்பு வரட்டும் என்று 14-க்குத் தள்ளி வைத்தவர்கள் ஏராளம், நீங்கள் வாங்கிய காரின் முந்தைய சொந்தக்காரரும் அப்படிச் செய்திருக்கலாம். பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டென், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு முனைகளை ஒரு வயரால் இணைத்துவிட்டு டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். 10-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

சரி, இப்போது யார்டுக்குப் போகலாம். எம்45-ஐக் கையில் வாங்கியதும் புல்லியைச் சுற்றிப் பாருங்கள், ஒரே சீராகச் சுற்ற வேண்டும், கரகரப்பு இருக்கக் கூடாது. டார்ச் அடித்து உள்ளே ரோட்டர்களைப் பாருங்கள், மேல் பூச்சு அங்கங்கே உரிந்திருந்தால் காற்று பின்னால் கசியும், சூடு ஏறும். ரோட்டர் அறைக்குள் எண்ணெய் குளமாக நின்றால் ஆயில் சீல் போய்விட்டது. புல்லியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டும்போது லொடலொடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் சூப்பர்சார்ஜரின் மூக்குக்குள் இருக்கும் கப்ளிங் தேய்ந்திருக்கும், அது சின்னச் செலவு, அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். மினியில் வாட்டர் பம்பையும் இந்த சூப்பர்சார்ஜரின் பின்பக்க கியர்தான் ஓட்டும். முன்னால் ஒரு எண்ணெய் அறை, பின்னால் ஒரு எண்ணெய் அறை, இரண்டுமே சீல் செய்தது என்பதால் யாரும் திறந்தே பார்ப்பதில்லை, பின்னால் இருப்பது வறண்டு கியர் அரைபடும். நான் வாங்கிய முதல் எம்45, விற்றவர் சத்தியம் செய்யாத குறையாக நல்லது என்று சொன்னது, பின் அறையைத் திறந்தபோது எண்ணெய்க்குப் பதில் கறுப்புப் பசைதான் இருந்தது. அதனால் முடிந்தால் வாங்குவதற்கு முன்பே எண்ணெய் அறையின் மூடி போல்ட்டைத் திறந்து மோந்து பாருங்கள், கருகிய நாற்றம் அடித்தால் நடையைக் கட்டுங்கள். சூப்பர்சார்ஜருக்கென்றே சிறு புட்டியில் எண்ணெய் விற்கிறார்கள், எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். வாட்டர் பம்பைக் கழற்றிவிட்டு அந்த வாயை ஒரு அலுமினியத் தட்டும் ஓ-ரிங்கும் வைத்து மூடிவிடலாம். மினியின் பைபாஸ் வால்வையும் அதோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல்.

இப்போது புல்லி கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 740 சிசி காற்றைத் தள்ளும். மினியின் எஞ்சினும் 1.6 லிட்டர்தான், அங்கே கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் சூப்பர்சார்ஜர் இரண்டு சுற்றுக்குச் சற்று மேலே சுற்றும், அதில் கிடைப்பது சுமார் 0.8 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம். ஆனால் மினியின் கம்ப்ரஷன் 8.3, மேலே அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உண்டு. நம்மிடம் 9.4, இன்டர்கூலர் கிடையாது. மினியின் சின்னப் புல்லியை அப்படியே வைத்து அதே விகிதத்தில் ஓட்டினால் எஞ்சின் நாக்கிங்கில், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பதில், பிஸ்டனை உடைத்துக்கொள்ளும். விகிதத்தை 1.5 அருகில் வைத்தால் சுமார் 6 பிஎஸ்ஐ (0.4 பார்) கிடைக்கும், 7,000 ஆர்பிஎம்மில் சூப்பர்சார்ஜர் 10,500 சுற்றுதான் சுற்றும், அதற்கு அது மூச்சு வாங்காது. ஆக, உங்கள் கிராங்க் புல்லியில் பெல்ட் ஓடும் தடத்தின் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து 1.5-ஆல் வகுங்கள், 130 மில்லிமீட்டர் என்றால் சூப்பர்சார்ஜருக்கு 87 வேண்டும். லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். புல்லி பெரிதானால் பெல்ட் அதிகப் பரப்பில் தழுவும், நழுவுவதும் குறையும் என்பது உபரி லாபம்.

எம்எக்ஸ்-5-ன் பெல்ட் நாலு வரி, மினியினுடையது ஆறு வரி. 6 பிஎஸ்ஐக்கு நாலு வரியே தாங்கும், அதற்கு மேல் ஆசைப்பட்டால் நழுவும். ஏசி, பவர் ஸ்டியரிங் இரண்டையும் ஓட்டும் பெல்ட்டின் தடத்தை சூப்பர்சார்ஜருக்கு எடுத்துக்கொள்வதுதான் மலிவான வழி. இந்த எடைக்கு பவர் ஸ்டியரிங் இல்லாமலும் ஓட்டலாம், பார்க்கிங்கில் மட்டும் கை வலிக்கும்.

பிராக்கெட்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். நான் முதலில் 5 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு வைத்து வெல்டிங் செய்தேன், கையால் ஆட்டிப் பார்த்தபோது பாறை மாதிரி நின்றது, ஆனால் பெட்ரோலை அழுத்தியபோது பெல்ட் இழுத்த இழுப்பில் அது ஒரு மயிரிழை வளைந்திருக்கிறது, நெடுஞ்சாலையில் ஏறும் வளைவிலேயே பெல்ட் பறந்துபோய்விட்டது. இரண்டாவது முறை 10 மில்லிமீட்டர் அலுமினியம், சூப்பர்சார்ஜரின் முன்னும் பின்னும் பிடிப்பு, நடுவில் முக்கோணமாக ஒரு தாங்கு. அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. வெட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள், பானெட் மூடுகிறதா என்றும் பாருங்கள். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க நேரான இரும்பு ஸ்கேலைக் கிராங்க் புல்லி முகத்தில் வைத்து அளவெடுங்கள், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் வாஷர் போட்டுச் சரிசெய்யுங்கள். பெல்ட்டை இறுக்க ஒரு ஐட்லர் புல்லி, அதைத் தளர்த்தி இறுக்க நீளமான போல்ட், இவ்வளவு போதும். பானெட்டின் அடியில் கறுப்புத் தூள் படிந்தால் பெல்ட் கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம்.

காற்றுப் பாதையில் ஒரே ஒரு விதி. சூப்பர்சார்ஜரை த்ராட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் கதவுக்கு) முன்னால் வைத்தால், நீங்கள் காலை எடுத்தவுடன் த்ராட்டில் மூடிக்கொள்ளும், ஆனால் சூப்பர்சார்ஜர் சுற்றிக்கொண்டே காற்றைத் திணிக்கும், அது போக வழி வேண்டும். அதற்குத்தான் பைபாஸ் வால்வு. அதன் வேக்குவம் ஹோஸ் த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வர வேண்டும், அது திருப்பிவிடும் காற்று, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில் வந்து சேர வேண்டும். மீட்டருக்கு முன்னால் விட்டால் அதே காற்றை இரண்டு முறை எண்ணி பெட்ரோலைக் கொட்டும். எஞ்சின் அடிப்பகுதியின் புகையை இன்டேக்குக்கு இழுத்துவிடும் பிசிவி வால்வையும் மறக்காதீர்கள், பூஸ்ட் அதன் வழியாக எஞ்சின் அடிப்பகுதிக்குள் புகுந்தால் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும், ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டுவிடுங்கள். பழைய வேக்குவம் ஹோஸ்களை எல்லாம் மாற்றி கிளிப் போடுங்கள்.

இனி பெட்ரோல். காசை இங்கே கொட்டுங்கள். நாம் குறிவைக்கும் 150 குதிரைத்திறனுக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்குச் சுமார் 300 சிசி கொடுக்க வேண்டும், காரோடு வந்தவை 200 சொச்சம்தான். பழைய கிட்டுகளில் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்று கொடுப்பார்கள். அது வேலை செய்யும்தான், ஆனால் முப்பது வருடப் பம்பை நம்பி அந்த அழுத்தத்துக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய இன்ஜெக்டர், அதோடு மெகாஸ்குவிர்ட் அல்லது ஸ்பீடுயினோ மாதிரி ஒரு ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), இதுதான் நிம்மதி. சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு ஸ்பீடுயினோ ரொம்பவே மலிவு. மாட்டிக்கொள்ளும் இரண்டு கண்ணிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு வாரம் போனது இதில்தான். 1.6 காரில் பெட்ரோல் பம்பை ஓடச் சொல்லும் சுவிட்ச் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள் இருக்கிறது, மீட்டரைத் தூக்கி எறிந்தால் பம்பும் நின்றுவிடும், புது ஈசியுவிலிருந்து ரிலேவுக்கு வயர் இழுக்க வேண்டும். அப்புறம், மேனுவல் கியர் கார்களில் த்ராட்டில் சென்சார் வெறும் சுவிட்ச்தான், முழு மூடல், முழுத் திறப்பு இரண்டை மட்டும் சொல்லும், ஆட்டோமேட்டிக் காரிலிருந்து அளவு காட்டும் சென்சாரை எடுத்து மாட்டுங்கள்.

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் பூஸ்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது காட்டும் எண், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது, பூஸ்டில் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் நிற்க வேண்டும், 13-ஐத் தாண்டினால் காலை எடுங்கள். டைமிங்கில் ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி பின்னால் இழுப்பது தொடக்கத்துக்குப் பாதுகாப்பு. பிளக் ஒரு படி குளிர்ந்தது, பிகேஆர்7இ, இடைவெளி 0.8 மில்லிமீட்டர். பெட்ரோல் சூப்பர் மட்டும். 30 டிகிரி வெயிலில் 6 பிஎஸ்ஐ தள்ளினால் இந்த வகை சூப்பர்சார்ஜரிலிருந்து காற்று 85 டிகிரி வாக்கில் வெளியே வரும், அதனால் கோடையில் நாக்கிங் சத்தம் கேட்டால் டைமிங்கை இன்னும் இரண்டு டிகிரி இழுங்கள்.

கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் இந்தச் சக்தியைத் தாங்கும். பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் 1.6-ன் ஆறு அங்குல டிஃபரன்ஷியல் தான் பலவீனம், சிக்னலில் டயரைக் கதறவிடாத வரை ஓடும், பின்னாளில் 1.8-ன் ஏழு அங்குலத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், சொல்லாமல் ஓட்டினால் விபத்து நடந்தால் கையை விரித்துவிடுவார்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெல்ட் இல்லாமலேயே எஞ்சினை ஓடவிட்டு ஐடிலைச் சரிசெய்யுங்கள், கோளாறு வந்தால் புது ஈசியுவா சூப்பர்சார்ஜரா என்று குழம்ப வேண்டியிருக்காது. அப்புறம் பெல்ட் மாட்டி ஐந்து நிமிடம், அணைத்து எல்லா போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். முதல் நூறு மைல் பூஸ்டுக்குள் போகாமல் ஓட்டுங்கள். பிறகு மூன்றாவது கியரில் மெதுவாக அழுத்தி, பக்கத்தில் ஒரு நண்பரை லேப்டாப்போடு உட்காரவைத்து எண்களைப் பதிவு செய்யுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்களே திரையைப் பார்க்க வேண்டாம், என் முன்பக்க பம்பரில் இன்னும் அதன் தழும்பு இருக்கிறது. 200 மைல் ஆனதும் பெல்ட் தளர்ந்திருக்கும், ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.