சிவனொளிபாத மலை: ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

இலங்கையின் சிவனொளிபாத மலை அடிவாரத்திலுள்ள நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாப்பிட்ட கையோடு இரவு பத்து மணிக்கே படியேறத் தொடங்கிவிடுவார்கள். கால் பலமுள்ள இளசுகள் ஒரு மணிக்கெல்லாம் உச்சியில் நிற்பார்கள். சூரியன் வருவதோ ஆறு மணிக்குப் பிறகு. 2,243 மீட்டர் உயரத்தில், வியர்வையில் ஊறிய சட்டையோடு ஐந்து மணி நேரம் குந்தியிருந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்தான். நின்று நின்று ஏறினாலும் மூன்று, நான்கு மணி நேரம். ஒன்றரை மணிவாக்கில் கிளம்பினால் போதும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பைக்குள் வைத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே மாற்றிக்கொள்ளுங்கள். மேலே செருப்பு, சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பதால் தடித்த காலுறையும் வேண்டும்.

போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளிலும் சனி, ஞாயிறுகளிலும் இந்தக் கணக்கு செல்லாது. கடைசிப் படிகளில் வரிசை அசையாமல் நிற்கும், அங்கேயே விடிந்துவிடும். முடிந்தால் வாரநாளில் போங்கள்.

பருவகாலம் மார்கழிப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. அதற்குப் பிறகு படிவிளக்கு எரியாது, தேநீர்க் கடைகள் இருக்காது, தென்மேல் பருவமழை நேரே மலையில் மோதும். கூட்டமில்லாமல் நிம்மதியாக ஏறலாம் என்று ஜூலையில் வருகிறவர்களுக்கு மழையும் அட்டையும்தான் மிச்சம்.

பாதை விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி கிட்ட என்று அந்தப் பக்கமாகப் போனால், பலாபத்தலவிலிருந்து ஏறும் பாதை நல்லதண்ணிப் பாதையைவிட நீளம். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ பயணி இப்னு பதூதாவும் இரண்டு பாதைகளைச் சொல்கிறார்: ஆதம் பெயரில் பாவா வழி, ஏவாள் பெயரில் மாமா வழி. மாமா வழி சுலபம். ஆனால் அதில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே கணக்கில் எடுக்க மாட்டார்களாம்! அந்தக் காலத்தில் பாறையில் தொங்கிய சங்கிலிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. பத்தாவது சங்கிலிக்கு வந்து கீழே பார்த்தவர்கள், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா எனும் இஸ்லாமிய விசுவாச வாக்கியத்தைச் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறார். அவரைப் பல்லக்கோடும் யோகிகள், பிராமணர்கள் துணையோடும் அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு தவறும் குறையும். இது எங்கள் மலை மட்டும்தான் என்று மேலே நின்று வாதிடுவதைச் சொல்கிறேன். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்களுக்கு உணவும் தங்குமிடமும் ஏற்படுத்தியதை அம்பகமுவ கல்வெட்டு சொல்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் இராஜசிங்கன் மலையைச் சைவர்களின் பொறுப்பில் விட்டான். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டியின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பௌத்த பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான். புத்தர், சிவன், ஆதம் என்று உச்சியிலுள்ள ஒரே பாதச்சுவட்டுக்கு மூன்று உரிமை இருக்கிறது. ஆனாலும் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர் மதம் கேட்பதில்லை. உச்சியிலுள்ள மணிக்கும் ஒரு முறை உண்டு: எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை அடி. முதல் தடவை வந்தவர் படம் எடுப்பதற்காக டாங், டாங் என்று அடித்துக்கொண்டிருப்பது அழகல்ல.

சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கையே பார்த்துப் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் மேற்கே திரும்பச் சொல்வேன். மலையின் நிழல் கூர் முக்கோணமாகப் பள்ளத்தாக்கின் மேல் விழுந்திருக்கும். நிழல் நெடுந்தூரம் நீள்வதால் அதன் முனை ஒரு புள்ளியாகக் குவிவதுபோல் தெரிகிறது. சில நிமிடம்தான், சூரியன் ஏற ஏறச் சுருங்கிவிடும்.

அப்புறம், இறக்கம். ஏறியாயிற்று என்ற தெம்பில் படிகளில் குதித்து ஓடாதீர்கள். முழங்கால் போவது அங்கேதான். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல இறங்குங்கள். ஹட்டனில் ரயில் பிடிக்க வேண்டுமென்றால், இறங்கவும் மூன்று மணி நேரம் ஒதுக்கி டிக்கெட் போடுங்கள்.