ஸ்கேன் செய்த பிறகு எதைத் தூக்கிப் போடக்கூடாது

வீட்டிலிருந்தே வரிக்கணக்கு வேலை பார்க்கத் தொடங்கும் இளைஞர்கள், மேசையை மூடிக் கிடக்கும் காகிதங்களை ஒழிக்கும் உற்சாகத்தில், ஸ்கேனர் வந்த புதிதில் எங்கள் தொழிலில் பலரும் செய்த தவறுகளையே மறுபடியும் செய்கிறார்கள். காப்பு நகல், கடவுச்சொல் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

டிஜிலாக்கரில் ஏற்றியதெல்லாம் அசல் என்று நம்புவது

மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள் உண்டு. போக்குவரத்துத் துறை, கல்வி வாரியங்கள் போன்றவை தங்கள் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக வழங்கும் ஆவணங்கள் ஒன்றில் சேரும். டிஜிட்டல் லாக்கர் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளில் 2017இல் சேர்க்கப்பட்ட 9ஏ விதி இவற்றை அசலுக்கு இணையாகக் கருதுகிறது. நாமே ஸ்கேன் செய்து ஏற்றும் கோப்புகள் வேறு பகுதியில் இருக்கும். அவை நகல்கள் மட்டுமே.

எனக்குத் தெரிந்த ஒருவர், தந்தை காலத்துக் கிரயப் பத்திரத்தையும் சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப் பத்திரத்தையும் அப்படி ஏற்றிவிட்டு, காகிதக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். வீட்டின் பேரில் கடன் கேட்டபோது வங்கியின் வழக்கறிஞர் அசலைக் கேட்டார். காவல் நிலையப் புகார், நாளிதழ் அறிவிப்பு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் அலைந்தும் கடன் கிடைக்கவில்லை. அசல் பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைப்பதே நடைமுறை என்பதால், அது வேறெங்கோ அடமானத்தில் இருக்குமோ என்ற ஐயம் வங்கிக்கு எழுவது இயல்பு. காகிதமில்லா அலுவலகம் என்று விளம்பரம் செய்பவர்களில் ஒருவராவது, எந்தக் காகிதத்தைக் கைவிடக்கூடாது என்று சேர்த்துச் சொல்வதில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கிரயப் பத்திரம், பவர் பத்திரம், புரோநோட்டு, முத்திரைத்தாள் ஒப்பந்தம் ஆகியவற்றை ஸ்கேன் செய்யுங்கள். அசலையும் பத்திரமாக வையுங்கள். உயிலுக்கோ, மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே பொருந்தாது.

பெட்ரோல் பங்க் ரசீதைப் பிறகு பார்க்கலாம் என்று வைப்பது

வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பையே அலமாரியாக்குவது

புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

ஜிஎஸ்டி பில்களை அவசரப்பட்டுக் கிழிப்பது

ஆண்டறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளையும் பில்களையும் வைத்திருக்க வேண்டும். மின்னணு வடிவில் வைத்திருக்கலாம். ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். அதற்குக் கோப்பின் பெயர் 2024-07-31 என்பது போல ஆண்டில் தொடங்கி, அதன்பின் கடையின் பெயரும் பில் எண்ணும் வருமாறு இருந்தால், கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும்.

பத்திரத்தின் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்வது

பழைய பத்திரங்களில் ஆவண எண், ஆண்டு, மொத்தம் எத்தனை தாள்கள், இது எத்தனையாவது தாள் என்ற பதிவுக் குறிப்புகளும் சார்பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் பெரும்பாலும் தாளின் பின்பக்கத்திலேயே இருக்கும். இரு பக்கங்களையும் 300 டிபிஐ தரத்தில் எடுத்து, அங்கே எழுதியுள்ள தாள் எண்ணிக்கையோடு பிடிஎஃப் கோப்பின் பக்கங்களை (ஒரு தாளுக்கு இரண்டு பக்கம்) ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அசலை உறையில் இடுங்கள்.