கன்றின் தொப்புளில் புழு: கடைசியில் பலித்தது

பிறந்த கன்று பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தது. தொப்புள் வீங்கி, ரத்தம் கலந்த நீர் கசிந்தது. கழுவிக் களிம்பு போட்டோம். மேலே காய்ந்தது, நாற்றம் போகவில்லை. ஈ விரட்டும் மருந்தைச் சுற்றிலும் தெளித்தும் பயனில்லை.

அப்புறம் டார்ச் அடித்து உற்றுப் பார்த்தபோது, புண்ணுக்குள் ஜோடி ஜோடியாகக் கரும்புள்ளிகள் அசைந்தன. அவை புழுக்களின் பின்முனை. தலையைச் சதைக்குள் புதைத்து, பின்முனையில் உள்ள அந்தக் கரும்புள்ளித் துளைகள் வழியாகத்தான் மூச்சு விடும். புண்ணின் வாய் சிறியது, உள்ளே பெரிய குழி.

கால்நடை மருத்துவர் டர்பெண்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்தார். மூச்சுத் திணறி மேலே வந்தவற்றை இடுக்கியால் எடுத்து, ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசி போட்டார். மறுநாளும் சில கிடைத்தன. குழியை மறுபடி பார்க்காமல் விடாதீர்கள். எடுத்த புழுவைத் தரையில் போடவே கூடாது, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி ஈயாகிவிடும். சாராயத்தில் போட்டுக் கொன்றோம். கன்று இப்போது நன்றாகப் பால் குடிக்கிறது, நிம்மதி.