அமெரிக்க விவாகரத்து ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் விவாகரத்துப் பெற்ற ஒருவர் மறுமணம் செய்துகொள்ளும்போதும், புதிய துணைக்காகக் குடியேற்ற மனு தாக்கல் செய்யும்போதும், திருமணத்துக்கு முந்தைய பெயருக்குக் கடவுச்சீட்டை மாற்றும்போதும், என்றோ முடிந்துபோன வழக்கின் தாள்களைத் தேடிப் போக நேர்கிறது. இந்தத் தேடலில் வாரக்கணக்கில் காலம் வீணாவதற்கு அலுவலகங்களின் தாமதத்தைக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பாலும் எந்தத் தாள் வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் விண்ணப்பம் எழுதியதே காரணமாக இருக்கிறது.

முதல் தவறு, விவாகரத்துச் சான்றிதழையும் விவாகரத்துத் தீர்ப்பையும் ஒன்றென எண்ணுவது. சான்றிதழ் என்பது மாநிலச் சுகாதாரத் துறையின் பதிவுப் பிரிவு தருகின்ற ஒற்றைத் தாள். இருவரின் பெயர், நாள், இடம் ஆகியவற்றைத் தாண்டி அதில் அதிகம் இராது. தீர்ப்பு என்பது நீதிபதி கையொப்பமிட்ட நீதிமன்ற உத்தரவு. சொத்து, குழந்தைகளின் பொறுப்பு, ஜீவனாம்சம், பெயர் மாற்றம் ஆகியவை பற்றிய கட்டளைகள் அதில்தான் இருக்கும். மனு முதல் பிரமாணப் பத்திரங்கள் வரை அனைத்தும் அடங்கிய வழக்குக் கோப்பு இவை இரண்டிலிருந்தும் வேறானது. சான்றிதழ் தரும் வழக்கமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையிடம் 1963 முதலான விவாகரத்துகளின் பதிவுகள் உள்ளன. கலிபோர்னியாவின் பொதுச் சுகாதாரத் துறையோ 1962 முதல் 1984 ஜூன் வரையிலான பதிவுகளை மட்டுமே வைத்திருக்கிறது. 2005இல் முடிந்த வழக்குக்கு அங்கே பணம் கட்டுவதில் பயனில்லை. டெக்சாஸ் மாநிலத் துறை 1968 முதலான விவாகரத்துகளுக்குச் சரிபார்ப்புக் கடிதம் தருகிறது. ஆனால் அக்கடிதம் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு, அதாவது நீதிமன்ற முத்திரையுள்ள நகலுக்கு, ஈடாகாது. ஆகவே ஆவணத்தைக் கேட்கும் அலுவலகம் இவற்றில் எதை ஏற்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. விசாரிக்க வழியில்லையென்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலையே கேட்டுவிடலாம். சான்றிதழ் போதுமான இடத்தில் தீர்ப்பு பெரும்பாலும் செல்லும், தீர்ப்பு வேண்டிய இடத்தில் சான்றிதழ் செல்லாது.

இரண்டாவது தவறு, தவறான நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது. விவாகரத்து அமெரிக்காவில் மாநிலச் சட்டத்தின் பொருள். நாடு முழுவதற்குமான ஒரே பதிவேடு கிடையாது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்குகளைக் காட்டும் ‘பேசர்’ இணையத்தளத்தில் எவ்வளவு தேடினாலும் ஒரு விவாகரத்து வழக்கு கிடைக்காது. அது அதற்கான இடமே அல்ல. மாநிலத்துக்குள்ளும் கவுன்டி எனப்படும் மாவட்டம் போன்ற உட்பிரிவுதான் அலகு. நீதிமன்றங்களின் பெயர்கள் வேறு குழப்பும். நியூயார்க்கில் விவாகரத்து வழங்குவது ‘சுப்ரீம் கோர்ட்’. பெயரைக் கேட்டு அதை உச்ச நீதிமன்றம் என்று எண்ணிவிடக் கூடாது, அங்கே அது விசாரணை நீதிமன்றம்தான். அதே மாநிலத்தின் குடும்ப நீதிமன்றம் குழந்தைப் பராமரிப்பையும் ஜீவனாம்சத்தையும் விசாரிக்குமே தவிர, விவாகரத்து வழங்காது. கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட், மாசசூசெட்ஸில் புரோபேட் அண்ட் ஃபேமிலி கோர்ட் என இடத்துக்கு இடம் பெயர் மாறும். டெக்சாஸில் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்றத்தின் கிளார்க்கிடம், அதாவது கோப்புகளுக்குப் பொறுப்பான அலுவலரிடம், கேட்க வேண்டும். திருமண உரிமம் தந்த கவுன்டி கிளார்க்கிடம் சென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதனோடு சேர்ந்து வருவது, திருமணம் நடந்த ஊரிலோ இப்போது வசிக்கும் ஊரிலோ தேடுவது. கோப்பு இருப்பது வழக்குத் தொடுத்த கவுன்டியில்தான். பெற்றோர், பாட்டன் காலத்து விவாகரத்துகளைத் தேடுபவர்கள் இதை இன்னும் கவனமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெவாடா மாநிலம் 1931இல் வசிப்பிடக் கால நிபந்தனையை ஆறு வாரமாகக் குறைத்த பிறகு, வெளி மாநிலத்தவர் பலர் ரீனோ நகரில் ஒன்றரை மாதம் தங்கி விவாகரத்துப் பெற்றுத் திரும்பினார்கள். வாழ்நாள் முழுவதும் ஒஹாயோவில் வசித்தவரின் கோப்பு நெவாடாவின் வாஷோ கவுன்டியில் கிடைப்பதில் வியப்பில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதி அனுப்புவது படித்தவர்களும் செய்கின்ற தவறு. அமெரிக்காவில் இவ்வகைச் சட்டமான கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டம் கூட்டாட்சி நிர்வாகத் துறைகளுக்கு உரியது. நீதிமன்றங்களுக்கு அது பொருந்தாது, மாநில நீதிமன்றங்களுக்கு நிச்சயமாகப் பொருந்தாது. நீதிமன்றக் கோப்புக்கு அந்த நீதிமன்றத்தின் சொந்த விண்ணப்பப் படிவமே வழி.

பெயரும் ஆண்டும் தமிழர்களுக்குத் தனித் தொல்லை தருபவை. தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருப்பதும், தலைப்பெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருப்பதும், முதற்பெயர் இல்லை என்பதைக் குறிக்கும் ‘எஃப்என்யூ’ என்ற மூன்றெழுத்தே ஒருவரின் முதற்பெயராக ஏறிவிடுவதும் நம்மவர் கோப்புகளில் சாதாரணம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை மட்டும் தந்துவிட்டு, பதிவு இல்லை என்ற பதில் வந்ததும் கைவிடக் கூடாது; இருவர் பெயரையும், சாத்தியமான எல்லா எழுத்துக்கூட்டல்களையும், முன்பின் மாறிய வரிசையையும் சேர்த்துத் தர வேண்டும். வழக்கு எண் வழக்குத் தொடுத்த ஆண்டைச் சார்ந்தே பெரும்பாலும் அமைகிறது. தீர்ப்பு வந்த ஆண்டு அதற்கு ஓரிரு ஆண்டுகள் பிந்தியதாக இருக்கலாம். எனவே ஒரே ஆண்டைக் குறிப்பிடாமல் சில ஆண்டுகளின் இடைவெளியைத் தருவது பாதுகாப்பு. வழக்கு எண் தெரிந்திருந்தால் பணமும் மிச்சமாகும்: கலிபோர்னிய நீதிமன்றங்களில் கோப்பைத் தேட பத்து நிமிடங்களுக்கு மேல் ஆனால் 15 டாலர் தேடல் கட்டணம் உண்டு.

நீதிமன்ற ஆவணம் என்றால் பொது ஆவணம், ஆகவே எல்லாம் இணையத்தில் இருக்கும் என்று நம்புவதும், அதற்கு மாறாக எல்லாமே இரகசியம் என்று ஒதுங்கிவிடுவதும் சம அளவில் தவறானவை. நியூயார்க்கின் குடும்ப உறவுகள் சட்டம், 235ஆம் பிரிவு, விவாகரத்துக் கோப்பை வழக்கின் தரப்பினரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் தவிர வேறெவரும் நீதிமன்ற உத்தரவின்றிப் பார்க்க முடியாதபடி நூறு ஆண்டுகளுக்கு மூடிவைக்கிறது. கலிபோர்னியாவில் கோப்பு பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்ததே; ஆயினும் குடும்ப வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள கணினியில் பார்க்கலாமே ஒழிய, வீட்டிலிருந்து இணைய வழியே பார்க்க நீதிமன்ற விதிகள் இடம் தருவதில்லை. இணையத்தில் வழக்குப் பட்டியல் மட்டும் தெரிகிறதென்றால் ஆவணம் தொலைந்துவிட்டது என்று பொருளல்ல. இந்தக் குழப்பத்தில்தான் தனியார் தேடல் தளங்கள் பிழைக்கின்றன. அவை விற்பது திரட்டிய தகவல். நீதிமன்றத்தின் முத்திரையுள்ள நகலை அவற்றால் உருவாக்கித் தர முடியாது என்பதால், அரசு அலுவலகத்தில் காட்டுவதற்காக அங்கே பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நகலைக் கேட்கும்போதும் கவனம் வேண்டும். ‘நகல்’ என்று மட்டும் எழுதினால் சாதாரண ஒளிநகல் வந்து சேரலாம். கிளார்க்கின் கையொப்பமும் முத்திரையும் உள்ள ‘சான்றிட்ட நகல்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். சொத்துப் பிரிவினை பற்றிய உடன்படிக்கை தீர்ப்பில் சுட்டப்பட்டிருந்தாலும் தனித் தாளாகக் கோப்பில் இருக்கலாம். அதுவும் தேவையென்றால் பெயர் சொல்லிக் கேட்காமல் வராது. தீர்ப்பு பதிவான நாளும் திருமணம் சட்டப்படி முடிவுற்ற நாளும் வேறுபடலாம் என்பது பலரும் கவனிக்காத ஒன்று. கலிபோர்னியாவில், எதிர்த்தரப்புக்கு மனு முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்தோ அவர் ஆஜரானதிலிருந்தோ, இவற்றில் எது முந்தியதோ அதிலிருந்து ஆறு மாதங்களாவது கழிந்த பிறகே திருமண நிலை முடிவுக்கு வரும் என்பதால், தீர்ப்புப் படிவத்தில் அந்த நாளுக்குத் தனி இடமே உள்ளது. குடியேற்றப் படிவத்தில் முந்தைய திருமணம் முடிந்த நாளாக இதைத்தான் எழுத வேண்டும்.

தீர்ப்பை இந்தியாவிலோ வேறு நாட்டிலோ காட்ட வேண்டியவர்கள், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரைக்காக வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு ஏமாறுகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை கூட்டாட்சி ஆவணங்களுக்கே அப்போஸ்டில் தருகிறது. மாநில நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த மாநிலத்தின் உரிய அலுவலகம், பெரும்பாலும் மாநிலச் செயலாளரின் அலுவலகம், தர வேண்டும். பழைய நகலில் உள்ள கையொப்பத்தை அந்த அலுவலகத்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போகலாம் என்பதால், அண்மையில் பெற்ற சான்றிட்ட நகலை அனுப்புவதே உசிதம். அப்போஸ்டில் தாள் தீர்ப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டு வரும். ஒளிநகல் எடுக்க வசதியாக இருக்குமென்று அந்தப் பின்னைக் கழற்றினால், செல்லாது என்று அதைத் திருப்பிவிட இடமுண்டு.