பெரிய மீன வித்துட்டு மிச்சத்துல குஞ்சு எடுக்காதீங்க: ரோகு தாய் மீன் தேர்வு பண்ற முறை

அறுவடை அன்னைக்கு வியாபாரி தராசு வெச்சிகினு கரையில நிப்பாரு, ஒன்றரை கிலோ ரோகு எல்லாம் அவரு கூடைக்கு போயிடும், கடைசியா வலையில சிக்குற அரை கிலோ முக்கா கிலோவ மட்டும் "இது கெடக்கட்டும், சினைக்கு ஆவும்"னு திருப்பி குட்டையில வுடுவோம். குடியாத்தம் பக்கத்துல என் பண்ணைக்குட்டையில நாலு வருசம் இதத்தான் பண்ணிட்டு இருந்தேன். அஞ்சாவது வருசம் வியாபாரி வலைய பாத்துட்டு "இன்னாண்ணா, ரோகுன்னு கூப்ட்டு கெளுத்தி சைஸ்ல காட்ற"ன்னாரு. தீவனத்துல குறை இல்ல, தண்ணியில குறை இல்ல. வளராத மீனையே பாத்து பாத்து தாயா வெச்சது நான்தான்.

மாடு ஆடுன்னா நல்ல காளை, நல்ல கடா தேடிகினு அடுத்த ஊரு வரைக்கும் போறோம், மீனுக்கு மட்டும் ஏன் இந்த நெனப்பு வரலன்னு தெரியல. புவனேஸ்வர்ல இருக்கற சிஃபாங்கற நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் நார்வேகாரங்களோட சேந்து 1992-ல ரோகுல நல்ல மீனா பாத்து குஞ்சு எடுக்கற வேலைய ஆரம்பிச்சாங்க, கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ்னு அஞ்சு ஆத்து மீனையும் பண்ணை மீனையும் கலந்து, தலைமுறைக்கு சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூட்டிகினே போனாங்க. அதுதான் ஜெயந்தி ரோகு, சுதந்திரம் வாங்கி 50 வருசம் ஆனப்ப வெளிய வந்ததால அந்தப் பேரு. அவங்க ஒவ்வொரு மீனுக்கும் உடம்புக்குள்ள சிப் வெச்சாங்க, குடும்பம் குடும்பமா கணக்கு வெச்சாங்க. நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாவாது, ஆனா மூணு குட்டையும் ஒரு கத்திரிக்கோலும் ஒரு நோட்டும் இருந்தா பாதி வேலை ஆயிடும்.

முதல்ல குஞ்சு வாங்கறது. ஒரே இடத்துல 900 வாங்காதீங்க, மூணு வேற வேற பொரிப்பகத்துல 300, 300, 300-ன்னு வாங்குங்க, அதுல ஒண்ணு ஜெயந்தியா கெடச்சா ரொம்ப நல்லது. ஒரு குட்டைக்கு ஒரு இடத்து குஞ்சு. வயசு ஒரே வயசா இருக்கணும், இது முக்கியம், ஏன்னா ஒரு மாசம் மூத்த குஞ்சு எப்பவும் பெருசாத்தான் தெரியும், நீங்க நல்ல ஜாதின்னு நெனச்சி எடுக்கறது வெறும் அண்ணன் மீனா இருக்கும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சமமா கலந்து போடுறவங்க ஒரே மூலையில கொட்டாம நாலு எடத்துல போடுங்க, இல்லன்னா முட்டி மோதி தின்ன மீன்தான் பெருசாவும், அது ரத்தத்துல வந்த வளர்ச்சி கெடையாது. தண்ணி விசயத்துல ஒண்ணு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலை தண்ணி எறங்கின கெணறா இருந்தா டெஸ்ட் பண்ணாம தாய் மீன் வெக்காதீங்க.

ஒரு வருசம் கழிச்சி தேர்வு. மே மாசம் வேணாம், நம்ம வெயில் 40 டிகிரிய தாண்டி நிக்கும்போது வலை போட்டா நல்ல மீன்தான் மொதல்ல சாவும். தை மாசி பாத்து காலையில வெயில் ஏறர்துக்குள்ள முடிச்சிடுங்க. கண்ணால பாத்து எடுக்காதீங்க, ஈரத்துல எல்லா மீனும் பெருசாத்தான் தெரியும். மொதல்ல கைக்கு வந்த 50 மீன ஒண்ணு ஒண்ணா எடை போட்டு எழுதுங்க. அந்த 50-ல மேல இருக்கற 5 மீனோட எடைய பாருங்க, அந்த அஞ்சுல கம்மியா இருக்கறது 950 கிராம்னு வெச்சிக்கோங்க, அதுதான் அன்னைக்கு கோடு. மிச்ச மீன் எல்லாம் அந்தக் கோட்ட தாண்டினா தொட்டிக்கு, தாண்டலன்னா வியாபாரிக்கு, முடிஞ்சது பேச்சு. 300-ல 30 வரும். கோட்ட தாண்டினாலும் முதுகு வளைஞ்சது, செவுள் மூடி பாதி இல்லாதது, கண்ணு போனது எதுவும் வேணாம். ஒரு குட்டையில பெருசா இருக்கு இன்னொண்ணுல சிறுசா இருக்குன்னு மூணையும் ஒண்ணா கலந்து எடுக்காதீங்க, ஒவ்வொரு குட்டைக்கும் தனி கோடு.

இங்க பேராசைப்படாதீங்க. குட்டை சராசரி 800 கிராம், நீங்க எடுத்தது சராசரி 1000 கிராம்னா அந்த 200 கிராம் வித்தியாசம் அப்படியே குஞ்சுக்கு போவாது, ஏறக்குறைய கால் பங்கு, 50 கிராம் போனா சந்தோசப்படுங்க. அது ஒவ்வொரு தலைமுறைக்கும் சேந்துகினே வரும்.

எடுத்த மீனுக்கு அடையாளம். வயித்துப் பக்கம் இருக்கற ஜோடி துடுப்புல முதல் குட்டை மீனுக்கு இடது, ரெண்டாவதுக்கு வலது, மூணாவதுக்கு வெட்டு இல்ல. ஈரத் துணியால மீன் கண்ண மூடிட்டு பிடிச்சா துள்ளாது, துடுப்ப பாதி வெட்டினா போதும், வெட்டின எடத்துல பொட்டாசியம் பர்மாங்கனேட் தண்ணி தடவி வுடுங்க. சில மாசத்துல திரும்ப வளந்துடும், அதனால வலை போடறப்ப எல்லாம் மறுபடி வெட்டணும்.

இப்ப கல்யாணப் பேச்சு. பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம் இல்ல, அதே கணக்குதான். முதல் குட்டை ஆண் ரெண்டாவது குட்டை பொண்ணுக்கு, ரெண்டாவது ஆண் மூணாவதுக்கு, மூணாவது ஆண் முதலாவதுக்கு. ஆணுங்க எல்லாம் வீட்டோட மாப்பிள்ளை, பொறக்கற குஞ்சு அம்மா குட்டையிலயே வளரும். அடுத்த தலைமுறையிலும் இதே சுத்துதான், மாத்தாதீங்க.

எத்தன ஜோடிங்கறதுலதான் நெறைய பொரிப்பகம் கோட்டை வுடுது. ஆண் மீன் விந்து நெறைய குடுக்குதேன்னு 30 பொண்ணுக்கு 3 ஆண் வுட்டு ஓட்டிடுவாங்க. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அத 4-ஆல பெருக்கி, மொத்தத்தால வகுத்து பாருங்க, 33 மீன் வெச்சிருந்தும் கணக்குக்கு 11 மீன்தான், அதாவது ஆணும் பொண்ணும் சமமா 11 மீன் வெச்சதுக்குதான் சமம். தலைமுறைக்கு நாலரை சதவீதம் சொந்தத்துக்குள்ள கலப்பு ஏறும். 25-க்கு 25 வெச்சா கணக்குக்கு 50, கலப்பு 1 சதவீதத்தோட நிக்கும். நம்ம மூணு குட்டையில குட்டைக்கு 10 ஆண் 10 பெண் வந்தா 60 ஆச்சு, தாராளம்.

ரோகு ரெண்டு வயசுல சினைக்கு வரும். ஆடி ஆவணி மழையில தண்ணி குளுந்தப்புறம் பாருங்க, ஆணுக்கு மார்புத் துடுப்பு தடவினா சொரசொரன்னு இருக்கும், வயித்த லேசா அமுக்கினா பால் மாதிரி வரும், பொண்ணுக்கு வயிறு மெத்துன்னு, மலத்துவாரம் செவந்து உப்பி இருக்கும். சாயங்காலம் ஓவாப்ரிம் ஊசி (முட்டை போட வெக்கற ஹார்மோன் மருந்து), பொண்ணுக்கு கிலோவுக்கு 0.35 மில்லி, ஆணுக்கு 0.15 மில்லி, முதுகுத் துடுப்புக்கு கீழ சதையில ஊசிய சாய்ச்சி போடணும். மொதல் தபா தெரிஞ்ச ஆள பக்கத்துல வெச்சிக்கோங்க. பெரிய தொட்டியில எல்லாத்தையும் மொத்தமா வுட்டா நாலு முரட்டு ஆணே எல்லா முட்டைக்கும் அப்பன் ஆயிடும், அதனால ஒரு ஹாப்பாவுல (தண்ணியில கட்டற வலைத்துணி பெட்டி) ஒரு பொண்ணு ஒரு ஆண். அதே ராத்திரி பக்கத்துல கட்லா மீனுக்கு சினை ஊசி போடற வேல வேணாம், கலந்தா ரெண்டுங்கெட்டான் குஞ்சு வரும்.

காலையில ஹாப்பாவ தூக்கினா நல்ல முட்டை ஊறின ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியா இருக்கும், கெட்டது வெள்ளையா பால் கட்டி இருக்கும். ஒவ்வொரு ஹாப்பாவுல இருந்தும் நல்ல முட்டை ஒரே அளவு, ஒரே டம்ளர்ல எடுங்க. ஒரு பொண்ணு மூணு மடங்கு முட்டை போட்டுச்சின்னு அதுலயே அள்ளினா 10 ஜோடி வெச்சதே வீணு. மிச்சத்த குஞ்சாக்கி விக்கலாம்.

பலன் தெரியணும்னா உங்க விரலி (விரல் நீளத்துக்கு வளந்த குஞ்சு) 100, வெளிய வாங்கினது 100, ஒரே சைஸா பாத்து, ஒண்ணுக்கு மட்டும் துடுப்பு வெட்டி, ஒரே குட்டையில வுட்டு ஆறு மாசம் கழிச்சி எடை போடுங்க, தனித்தனி குட்டையில வுட்டா அந்த வித்தியாசம் மீனோடதா தண்ணியோடதான்னு தெரியாது. எதுக்கு வெட்டினோம், இடதா வலதான்னு அன்னைக்கே நோட்டுல எழுதிடுங்க, நான் ஒரு தபா ஞாபகம் இருக்கும்னு வுட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சி வலைய கரைக்கு இழுத்து, வெட்டினது எங்களுதா அவங்களுதான்னு நானும் மச்சானும் ஒரு மணி நேரம் சண்ட போட்டு, கடைசியில மொத்தத்தையும் வியாபாரிக்கு தூக்கி குடுத்தோம்.